வில்லி படத்தைச் சுவரில் ஒட்டும் பிள்ளைகள்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: பத்தாவது படிக்கும் மகள் 'அவதார்' என்று ஒரு கார்ட்டூனை மூன்றாவது தடவையாகப் பார்க்கிறாள். அதில் நல்லவர்கள் எத்தனையோ பேர் இருக்க, அஸூலா என்கிற வில்லியின் படத்தை வரைந்து படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். ஏன் என்று கேட்டால் "உங்களுக்குப் புரியாது" என்கிறாள். கெட்டவர்கள் மேல் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பிரியம்? இதற்குக் கவலைப்பட வேண்டுமா?

ஆச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நேரம் ஆகும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கல்லூரி ஹாஸ்டலில் யாரோ கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கில் பார்க்க ஆரம்பித்தது. 2020 ஊரடங்கில் காரைக்குடி வீட்டில் எல்லாரும் அடைந்து கிடந்தபோது அதே ஹார்ட் டிஸ்க்கை டிவியில் செருகி என் மகளுக்குப் போட்டேன். பட்டாலையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் அப்பத்தா "என்னடா பொம்மைப் படம்" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, நாலாம் நாளிலிருந்து எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. நான் ஓடவிட்டு நிறுத்தி நிறுத்திக் கதை சொல்வேன். இந்தத் தொடரைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையையும் விட அப்பத்தா இடையிடையே போட்ட கேள்விகள்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தன.

முதலில் எந்த அவதார் என்று தெளிவுபடுத்திவிடுகிறேன். நீல நிற மனிதர்கள் வரும் சினிமா இல்லை. இது 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற அமெரிக்கத் தொடர். நிக்கலோடியன் சேனலில் 2005 பிப்ரவரியில் தொடங்கி 2008 ஜூலையில் முடிந்தது. மூன்று பருவம், 61 அத்தியாயம். உருவாக்கியவர்கள் மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கோனியட்ஸ்கோ என்ற இருவர். நீர், நிலம், நெருப்பு, காற்று என்று நாலு நாட்டு மக்கள். ஒவ்வொரு நாட்டிலும் சிலருக்கு அந்தந்தப் பூதத்தைக் கையால் ஆட்டிவைக்கும் வித்தை தெரியும். நாலையும் ஆளத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மறுபடி மறுபடி பிறந்துகொண்டே இருப்பார். அவருக்குத்தான் அவதார் என்று பெயர். வார்த்தை எங்கிருந்து போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெருப்பு நாட்டார் போடும் துவந்த யுத்தத்துக்கு 'அக்னி காய்' என்று பெயர். நடுவில் பதிக் என்று ஒரு சாமியார் வந்து வெங்காயமும் வாழைப்பழமும் போட்ட ஜூஸைக் குடிக்கக் கொடுத்து ஏழு சக்கரம் பற்றிப் பாடம் நடத்துவார். அப்பத்தா சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் தரையெல்லாம் தெறித்தது.

நெருப்பு நாடு மற்ற நாடுகள் மேல் 100 வருடமாகப் படையெடுத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்க வேண்டிய அவதார், ஆங் என்ற 12 வயதுப் பையன், அந்த 100 வருடமும் பனிப்பாறைக்குள் உறைந்து கிடந்துவிட்டு இப்போதுதான் கண் விழிக்கிறான். அவனைப் பிடிக்க ஒரு கப்பலைப் போட்டுக்கொண்டு அலைகிறான் நெருப்பு நாட்டு இளவரசன் ஸூக்கோ. முகத்தில் இடது பக்கம் பெரிய தீக்காயத் தழும்பு, மொட்டைத்தலையில் ஒரு குடுமி, சதா கத்தல். முதல் சில அத்தியாயங்களில் பார்த்தால் சாதாரண கார்ட்டூன் வில்லன்தான்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கதை புரள்கிறது. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கப்பலில் இருக்கும் சிப்பாய்களுக்கு ஸூக்கோவின் பெரியப்பா ஐரோ சொல்கிறார். 13 வயதில் ஸூக்கோ போர் ஆலோசனைக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்ப் பிள்ளைகளை இரையாகப் போட்டு எதிரியை வளைக்கலாம் என்று ஒரு தளபதி திட்டம் சொல்கிறார். அது தப்பு என்று பையன் எழுந்து சொல்லிவிடுகிறான். மரியாதை கெட்டுவிட்டது, அக்னி காய் போட்டுத் தீர்த்துக்கொள் என்கிறார்கள். தளபதியோடுதான் சண்டை என்று நினைத்து மேடை ஏறினால் எதிரே நிற்பது சொந்தத் தகப்பன். பிள்ளை மண்டியிட்டு அழுகிறான், சண்டை போட மாட்டேன் என்கிறான். தகப்பன் முகத்தைச் சுட்டுவிட்டு நாட்டை விட்டுத் துரத்துகிறான். அவதாரைப் பிடித்தால்தான் வீடு திரும்பலாம் என்று நிபந்தனை. அவதாரைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லாமல் 100 வருடம் ஆகிறது. அதாவது, திரும்பி வரவே வேண்டாம் என்று அர்த்தம்.

இதைச் சொல்லி முடித்தபோது அப்பத்தா சொன்னது: "எங்க அப்பச்சியும் அந்த வயசிலதான் ரங்கூனுக்குக் கப்பலேறுனாக. வட்டிக்கடையில எடுபிடியா, பெட்டியடிப் பையனாப் போனாக. ஆனா மூணு வருசக் கணக்கு முடிஞ்சா திரும்பி வரலாம். இந்தப் பயலுக்கு அதுவும் இல்லையே."

அன்றிலிருந்து அப்பத்தாவுக்கு ஸூக்கோ வில்லன் இல்லை. அவன் ஊர் ஊராகத் தீ வைத்துக்கொண்டுதான் இருந்தான், அதை அப்பத்தாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் "நம்ம பய" ஆகிவிட்டான். உங்கள் முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலும் இங்கேதான் தொடங்குகிறது. இந்தத் தொடர் வில்லனை வாசலில் நிறுத்திப் பேசாது. முகப்பைத் தாண்டி, வளவுக்குள்ளே, இரண்டாங்கட்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குடும்பத்தைக் காட்டும். ஒரு வீட்டின் அடுப்படி வரை போய்வந்துவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளையைத் திட்டலாம், வெறுக்க வராது.

இதில் தமிழில் பார்ப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. இங்கிலீஷில் ஐரோ, வெறும் 'அங்கிள் ஐரோ'. அம்மாவின் தம்பியா, அப்பாவின் அண்ணனா, ஒன்றும் தெரியாது. நான் அப்பத்தாவுக்கு முதலில் "மாமா" என்று சொல்லிவிட்டேன். ஐந்தாறு அத்தியாயம் கழித்து, இவர் நெருப்பு அரசன் ஓஸாயின் அண்ணன் என்று வந்தது. "அப்ப பெரியப்பச்சின்னு சொல்லு!" என்று என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். கோபத்துக்குக் காரணம் இருந்தது. மாமா என்றால் ஒட்டிக்கொண்டு வந்த பாசம். பெரியப்பச்சி என்றால் மூத்தவர், பட்டத்துக்கு உரியவர். "மூத்தவுக இருக்கையில தம்பிக்காரன் எப்படிச் சிம்மாசனத்துல உக்காந்தான்?" என்று அப்பத்தா அந்த நிமிடமே கேட்டார். தொடர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது இரண்டாம் பருவத்தில்தான். ஐரோ பா சிங் சே என்ற பெருநகரத்தை 600 நாள் முற்றுகை போட்டவர். அங்கே ஒரே மகன் செத்துப்போகிறான். மனம் உடைந்து முற்றுகையை விட்டுத் திரும்பிவிடுகிறார். அந்தச் சமயம் பார்த்துத் தம்பி ஓஸாய் தகப்பனிடம் போய், அண்ணனுக்கு வாரிசு இல்லை, பட்டத்தை எனக்குக் கொடுங்கள் என்கிறான். கிழவருக்குக் கோபம் வருகிறது: மூத்த பிள்ளையைப் பறிகொடுக்கும் வலி உனக்கும் தெரியட்டும் என்கிறார். மூத்த பிள்ளை என்றால் ஸூக்கோ. அவனைக் காப்பாற்ற அம்மா ஏதோ செய்கிறாள். மறுநாள் கிழவர் இல்லை, அம்மாவும் இல்லை. ஓஸாய் அரசன்.

இதைப் போய்க் குழந்தைகள் தொடர் என்கிறார்கள். பங்காளித் தகராறு, வாரிசு இல்லாத அண்ணன், சாவு வீட்டில் சொத்துப் பேச்சு. செட்டிநாட்டில் எந்தப் பெரிய வீட்டின் நிலைக்கதவைத் தட்டினாலும் இதில் பாதிக்கதை கிடைக்கும்.

ஸூக்கோவை நான் பாதியிலேயே விடுகிறேன். அவன் திருந்தும் கதை எல்லாரும் புகழ்வது, புகழத் தகுந்தது. ஒன்றே ஒன்று மட்டும். இரண்டாம் பருவத்தின் கடைசியில் அவன் திருந்திவிடுவான் என்று நூற்றுக்கு நூறு நம்ப வைத்துவிட்டு, பூமிக்கடியில் ஒரு குகையில் அவனைத் தங்கை பக்கம் சாய வைக்கிறார்கள். பெரியப்பா சிறைக்குப் போகிறார். அந்த அத்தியாயம் ஒளிபரப்பானது 2006 டிசம்பர் 1. அடுத்தது வந்தது 2007 செப்டம்பரில். ஒன்பது மாதத்துக்கு மேல் உலகம் முழுக்கப் பிள்ளைகள் அவனைத் திட்டிக்கொண்டும் அவனுக்காக வாதாடிக்கொண்டும் இருந்தார்கள். அவன் கேட்டதெல்லாம் கிடைக்கிறது. வீடு, பட்டம், அப்பாவின் பாராட்டு. கிடைத்த பிறகுதான் அது ஒன்றுக்கும் உதவாது என்று தெரிகிறது. நேர்வழியில் போயிருந்தால் அந்தப் புத்தி வந்திருக்காது. பிறகு பெரியப்பாவின் கூடாரத்துக்குப் போய், அவர் தூங்கி எழும்வரை இரவெல்லாம் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான். விடிந்ததும் மன்னிப்பு கேட்க ஆரம்பிக்கிறான், அவர் முடிக்க விடாமல் இழுத்து அணைத்துக்கொள்கிறார். அப்பத்தா முந்தானையை எடுத்தார். நான் டிவி ரிமோட்டில் ஏதோ கோளாறு என்று திரும்பிக்கொண்டேன்.

சரி, உங்கள் மகளின் ஆளுக்கு வருவோம்.

அஸூலா ஸூக்கோவின் தங்கை. 14 வயது. எல்லாருக்கும் நெருப்பு மஞ்சள், இவளுக்கு மட்டும் நீலம். அறிமுகமாகும் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கப்பலைக் கரைக்குக் கொண்டுபோகச் சொல்கிறாள். அலையும் நீரோட்டமும் இப்போது விடாது என்கிறார் கப்பல் தலைவர். அவள் குரலை உயர்த்தவே இல்லை. இந்தக் கப்பலுக்கு அதிகாரி நீரோட்டமா என்று கேட்கிறாள். உன்னைத் தூக்கிக் கடலில் போட்டால் பாறையில் மோதிக் கொல்ல அது யோசிக்குமா என்று கேட்கிறாள். யோசிக்காது. அப்படியானால் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட கடலைப் பற்றிக் கவலைப்படாதே, இன்னும் முடிவு செய்யாமல் யோசித்துக்கொண்டிருக்கும் என்னைப் பற்றிக் கவலைப்படு என்கிறாள். கப்பல் கரைக்குப் போகிறது.

அதே அத்தியாயத்தில் மின்னல் விடும் வித்தையைப் பயிற்சி செய்கிறாள். கூட இருக்கும் இரண்டு கிழவிகள், கிட்டத்தட்ட அப்பழுக்கில்லை, ஒரு முடி மட்டும் கலைந்திருக்கிறது என்கிறார்கள். நெற்றியில் விழுந்த அந்த ஒரு முடியை ஒதுக்கிவிட்டு, கிட்டத்தட்ட என்பது போதாது என்று சொல்லி மறுபடி மின்னலை விடுகிறாள்.

அந்த ஒரு முடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனைப் பார்த்த பிறகு இவளைப் பார்த்தால் முதலில் பிடிப்பது அந்தத் திறமைதான். அண்ணன் தடுமாறுவான், கத்துவான், தோற்பான். இவள் தோற்கவே மாட்டாள். உலகமே 100 வருடம் பிடிக்க முடியாத நகரத்தை மாறுவேடத்தில் போய்ப் பேச்சிலேயே பிடித்துவிடுகிறாள். வகுப்பில் முதல் பெஞ்சு, கையெழுத்து முத்து முத்தாக, மேடையில் திக்காது. பத்தாவது படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு இந்த உருவம் தெரியாததா ஆச்சி? பாதிப்பேர் அப்படி இருக்கச் சொல்லித்தான் வளர்க்கப்படுகிறார்கள். தப்பு செய்யாதே, ஒரு மார்க் குறைந்தாலும் ஏன் என்று கேட்போம். அஸூலாவை ரசிக்கும் பிள்ளைகள் அவள் செய்யும் அநியாயத்தை ரசிக்கவில்லை. அவள் முதுகு ஏன் அவ்வளவு நேராக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் பருவத்தில் கடற்கரையில் தீ மூட்டி நாலு பேர் உட்கார்ந்து பேசும் ஓர் அத்தியாயம் வருகிறது. சண்டை அதிகம் கிடையாது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வருத்தத்தைச் சொல்கிறார்கள். அஸூலா தனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்கிறாள். கொஞ்சம் கழித்து, தன்னைப் பெற்றவளே தன்னை ஓர் அரக்கி என்று நினைத்தாள் என்கிறாள். அவள் நினைத்தது சரிதான் என்று உடனே சேர்த்துக்கொள்கிறாள். இருந்தாலும் வலித்தது என்று முடிக்கிறாள். தோளைக் குலுக்கிவிட்டுப் போகிற தொனிதான், ஆனால் அதற்குப் பிறகு அவளைப் பழையபடி பார்க்க முடியாது.

அப்புறம் ஒவ்வொன்றாக உதிர்கிறது. சிறுவயதிலிருந்து கூடவே இருந்த இரண்டு தோழிகளில் ஒருத்தி ஸூக்கோவுக்காக இவளை எதிர்த்து நிற்கிறாள். அவளை அஸூலா அடிக்கப்போகையில் இன்னொருத்தி இவளையே முடக்கிப்போட்டுவிடுகிறாள். அப்பா, நீ இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு உலகத்தை எரிக்கக் கிளம்புகிறார். "என்னை ஸூக்கோ மாதிரி நடத்தாதீர்கள்" என்று கெஞ்சுகிறாள். அவளுடைய மொத்தப் பயமும் அந்த ஒரு வாக்கியத்தில் வெளியே வந்துவிடுகிறது. அண்ணனுக்கு நடந்ததை ஒரு பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தது. தனக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை வருடம் தலைமுடி கலையாமல் இருந்திருக்கிறது. அரசியாகப் பட்டம் கட்டும் நாளில் பழத்தில் ஒரு கொட்டை இருந்ததற்கு வேலைக்காரியை நாடு கடத்துகிறாள். பிறகு கூட இருக்கும் எல்லாரையும் வரிசையாகத் துரத்துகிறாள். தனியாகக் கண்ணாடி முன் உட்கார்ந்து தலை சீவப் பார்க்கிறாள். வரவில்லை. கத்திரியை எடுத்து முன்முடியைக் கோணல்மாணலாக வெட்டிவிடுகிறாள். கண்ணாடியில் அம்மா தெரிகிறாள், உன் மேல் பாசம்தான் என்கிறாள். சீப்பை எறிந்து கண்ணாடியை உடைக்கிறாள்.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் அப்பத்தா சொல்லிவிட்டார்: "அந்தப் பிள்ளைக்குத் தலை வாரிவிட ஒரு ஆள் இல்லாமப் போச்சே."

இத்தனைக்கும் அதற்கு முந்தின வாரம்தான் "இவளைத் தூக்கிக் கிணத்துல போடணும்" என்றவர்.

இந்த மாதிரி வில்லன்கள் வெள்ளைக்காரன் புதிதாகக் கண்டுபிடித்தது என்று எங்கள் கூட்டத்தில் சிலர் பேசுவார்கள். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு அப்படிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 1939-ல் சா. கணேசன் இங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். வருடாவருடம் பங்குனியில் விழா, முடிவு நாள் கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில். அந்தப் பட்டிமன்றங்களில் நம் ஐயாக்கள் எந்தப் பாத்திரத்துக்காகத் தொண்டை கட்டப் பேசினார்கள்? ராமனுக்காக மட்டுமா? கும்பகருணனுக்காக, இந்திரசித்துக்காக, வாலிக்காக. முதல் நாள் போரில் தோற்ற ராவணன் வெறுங்கையோடு இலங்கைக்குள் நுழைவதைக் கம்பன் எழுதியிருக்கும் பாட்டை நம் பக்கம் எத்தனை பேர் மனப்பாடமாகச் சொல்வார்கள்! யானையோடு பொருத மார்பு, மலையை எடுத்த தோள் என்று ஒவ்வொன்றாக அடுக்கி, எல்லாவற்றையும் களத்தில் போட்டுவிட்டு வந்தான் என்று முடிப்பார். அதற்குப் பிறகு அவன் கூசுவது வானமும் மண்ணும் சிரிக்கும் என்பதற்கு இல்லை, சானகி சிரிப்பாளே என்பதற்கு. வில்லனின் அவமானத்தை அவன் நெஞ்சுக்குள் போய் நின்று சொல்வது இதுதானே. அதைக் கேட்டுத் தலையாட்டிய யாரும் பிறன் மனைவியைத் தூக்கி வரலாம் என்று புறப்படவில்லை.

இந்திரசித்தை அஸூலாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு பேரும் தகப்பன் மெச்சும் பிள்ளைகள், இரண்டு பேரும் தகப்பனின் போரைத் தங்கள் போராகப் போட்டவர்கள். ஆனால் இந்திரசித்து கடைசியில் தகப்பனிடம் வந்து, அந்தச் சீதை மேல் வைத்த ஆசையை விட்டுவிடுங்கள், பயந்து சொல்லவில்லை என்று சொல்கிறான். தகப்பன் கேட்கவில்லை. தெரிந்தே சாகப் போகிறான். அஸூலாவுக்கு அந்த வாயும் வாய்க்கவில்லை. அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லும் இடம் அவளுக்குள் இல்லை. அதனால் உடைவது உள்ளுக்குள் உடைகிறது.

ஸூக்கோவுக்கு விபீஷணன். இதைச் சொன்னால் உடனே தகராறு. அண்ணனை விட்டுப் போனவனை நம் மேடைகள் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அப்பத்தாகூட "இவன் விபீஷணனா எட்டப்பனாடா?" என்று கேட்டார், நிஜமான சந்தேகத்தோடு. தர்மத்துக்காக வீட்டை விட்டுப் போவது எங்கே முடிகிறது, வீட்டைக் காட்டிக்கொடுப்பது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி நமக்குப் புதிதில்லை. அந்தப் பெரியப்பா ஐரோவும் சொந்த நாட்டுக்கு எதிராகத்தான் கடைசியில் நிற்கிறார். அவரை யாரும் எட்டப்பன் என்று சொல்வதில்லை, அவர் டீ போட்டுக் கொடுத்து மயக்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

எல்லா வில்லனும் இப்படி ஆழம் என்று நினைக்க வேண்டாம். ஓஸாய் ஒரு கட்டை. முதல் இரண்டு பருவம் அவன் முகத்தையே காட்டாமல் நிழலில் வைத்திருந்தார்கள். காட்டிய பிறகும் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. அது குறை இல்லை என்பது என் கட்சி. பிள்ளைகளின் கண்ணில் மலை மாதிரி தெரிந்த தகப்பன், கிட்டே போனால் வெறும் ஆசை பிடித்த ஆள். ஆங் கடைசியில் அவனைக் கொல்லாமல் அவன் வித்தையை மட்டும் பிடுங்கிவிடுவான். அது சரியா, அந்த வழி திடீரென்று முளைத்ததா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. குன்றக்குடியில் சூரசம்ஹாரம் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இல்லை. சூரனை வேல் பிளந்தாலும் அவன் மயிலாகவும் சேவலாகவும் சாமியோடேயே தங்கிவிடுகிறானே.

ஓஸாயை விட என்னைத் தூங்கவிடாமல் செய்தவள் ஹாமா. ஒரே ஓர் அத்தியாயம். நீர்க்குலத்துக் கிழவி, நெருப்பு நாட்டுச் சிறையில் வருடக்கணக்கில் கிடந்தவள். தண்ணீர் கிடைக்காத சிறையில், எலியின் உடம்பிலும் தண்ணீர்தான் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, பௌர்ணமியில் எலியின் ரத்தத்தை ஆட்டிப் பழகி, பிறகு காவலாளியின் ரத்தத்தையே ஆட்டித் தப்பித்தவள். இது வரைக்கும் கை தட்டலாம். தப்பித்த பிறகு பக்கத்து ஊர்ப் பாமர சனங்களைப் பௌர்ணமிதோறும் பொம்மை மாதிரி நடக்கவைத்து மலைக்குள் அடைத்துவைக்கிறாள். அநியாயம் பட்டவர் எல்லாரும் நியாயமானவர் ஆகிவிடுவதில்லை என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதை நான் பார்த்ததில்லை. அவளைத் தோற்கடிக்க, ஆங்கின் தோழியும் நீர் வித்தைக்காரியுமான கட்டாரா அதே வித்தையைக் கையில் எடுக்க வேண்டியதாகிறது. ஜெயித்துவிட்டு உட்கார்ந்து அழுகிறாள்.

2012 முதல் 2014 வரை வந்த அடுத்த தொடர், 'தி லெஜெண்ட் ஆஃப் கோரா', வில்லன்களை வேறு விதமாகச் செய்தது. அங்கே குடும்பத்தை விடக் கொள்கை முக்கியம். வித்தை தெரிந்தவன் தெரியாதவனை மிதிக்கிறான், சமத்துவம் வேண்டும் என்கிறான் அமோன். ராஜா ராணி யாருமே வேண்டாம் என்கிறான் ஸாஹீர். சிதறிய நாட்டை ஒன்றாக்குவேன் என்கிறாள் குவீரா. மூன்றும் மேடையில் சொன்னால் கைதட்டு விழும் பேச்சுதான். ஸாஹீர் கொல்லும் ராணி ஒரு கொடுங்கோலி. நாமும் பாதி ஆமோதித்துக்கொண்டிருக்கும்போதே அவள் மூச்சை இழுத்துக் கொல்வதைக் காட்டுவார்கள், நாம் ஆமோதித்தது எதை என்று வயிறு கலங்கும். பிறகு, பழைய தொடரில் ஆங்கின் தோழியாக வந்து இதில் கிழவியாகிவிட்ட டாஃப், உன் எதிரிகள் ஒவ்வொருவரிடமும் என்ன கற்றாய் என்று கதாநாயகியிடம் கேட்கிற இடமும் உண்டு. எனக்குப் பழைய தொடர்தான் ஒரு பிடி மேல். கொள்கை வில்லனோடு வாதாடலாம், அண்ணன் தங்கை வில்லனைப் போல வீட்டுக்குக் கூட்டிவர முடியாது. சினிமாவாக 2010-ல் வந்ததைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. எடுத்தவர் மாஹேயில் பிறந்த மனோஜ் ஷியாமளன், ஸூக்கோவாக நடித்தது தேவ் படேல், நம்மவர்கள் என்ற பாசத்திலும் என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. 2024-ல் நெட்ஃபிளிக்ஸில் ஆட்களை வைத்து எடுத்ததில் ஒரு காட்சி மட்டும் நெஞ்சில் நின்றது. ஸூக்கோ காப்பாற்றிய அந்தச் சிப்பாய்ப் பிள்ளைகள்தான் அவன் கப்பலில் வேலை பார்ப்பவர்கள் என்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள். யாருக்காகப் பேசித் தழும்பு வாங்கினான் என்று அவர்களுக்கே அன்றுதான் தெரிகிறது.

ரசிகர்கள் எல்லாரும் தெளிவாக இருக்கிறார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அஸூலா பாவம், அவள் செய்தது ஒன்றும் தப்பே இல்லை என்று வாதாடும் ஒரு கோஷ்டி உண்டு. மின்னலால் ஒரு பையனின் முதுகில் அடித்து ஏறக்குறையக் கொன்றவள். அதை மறந்துவிட்டு என்ன பாவம்? வீட்டைப் பார்த்தோம் என்பதற்காகக் கணக்கை அழித்துவிட முடியாது. இன்னொரு கோஷ்டி ஸூக்கோவுக்கும் கட்டாராவுக்கும் கல்யாணம் செய்துவைக்காத ஆத்திரத்தில் இன்னும் கதை எழுதிக்கொண்டிருக்கிறது. என் மகளும் அந்தக் கட்சி. எங்கள் வீட்டில் இரண்டு பழுதான ஆத்தங்குடித் தரைக்கல் கிடந்தது. அதில் ஒன்றின் பின்பக்கம் எனாமல் பெயிண்டில் நீல நெருப்பும் மஞ்சள் நெருப்புமாக ஒரு டிராகன் ஜோடி வரைந்து வைத்திருக்கிறாள். பூ வேலை உள்ள பக்கத்தை விட்டு ஏன் பின்பக்கத்தில் வரைந்தாய் என்று கேட்டேன். சொரசொரப்பாக இருந்தால்தான் பெயிண்ட் பிடிக்குமாம்.

உங்கள் மகள் "உங்களுக்குப் புரியாது" என்று சொன்னது உங்களைத் தள்ளிவைக்க இல்லை ஆச்சி. 61 அத்தியாயத்தை எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்ற அலுப்புதான். மொத்தத்தையும் பார்க்க நேரம் இல்லை என்றால் மூன்று மட்டும் பாருங்கள். முதல் பருவத்தில் புயல் வரும் பன்னிரண்டாவது, இரண்டாம் பருவத்தில் ஸூக்கோ தனியாக ஊர் சுற்றும் ஏழாவது, மூன்றாம் பருவத்தில் அந்தக் கடற்கரை. பக்கத்தில் உட்கார்ந்து, உறவு முறையைச் சரியாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். யார் பெரியப்பா, யார் மூத்தது, ஆத்தா எங்கே போனாள். அவள் வாய் ஓயாது.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் படத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். முடியை வழித்து வாரி உச்சியில் முடிந்து, நெற்றியில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக விழுந்திருக்கிறதா? அப்படியானால் உங்கள் மகளுக்குப் பிடித்தது கப்பல் தலைவரை நடுங்கவைத்த அஸூலா. நெற்றி முடி கோணலாக வெட்டியிருக்கிறதா? அப்படியானால், பொதுத்தேர்வு நெருங்கும் இந்தச் சமயத்தில், ஒரு நாள் சாயங்காலம் எண்ணெயும் சீப்பும் எடுத்துக்கொண்டு போய் அவள் பின்னால் உட்காருங்கள்.